இறங்குதுறையில் நின்ற கறுப்பு

என் மகள் நரைமயிரோடு பிறந்தாள். நீங்கள் சிரித்தால் எனக்குக் குறையில்லை. முதலில் சிரித்தவன் நான்தான்.

எனக்கு அது முதல் பிள்ளை. வயது நாற்பத்தேழு. ஞாயிறு தவறாமல் குசினிக்குப் பின்னால் கண்ணாடியைச் சாய்த்து வைத்துவிட்டுத் தலைக்கு டை அடிக்கிறவன் நான். தாதி பிள்ளையைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்து காட்டியபோது, சூடை மீனின் வயிற்றுப் பக்கம் வெயிலில் மினுங்குமே, அந்த நிறத்தில் தலை நிறைய மயிர். புருவமும் அப்படி. இமைமயிரும் அப்படி.

"அப்பன் பிந்தி வந்தால் பிள்ளை கிழண்டுபோய்த்தானே வரும், மிஸ்ஸி" என்றேன்.

தாதி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கட்டிலில் கிடந்த என் மனைவி சிரிக்கவில்லை.

அந்தப் பகிடி எனக்கு முன்னால் ஊர்காவற்றுறைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. கடைக்குப் போனால், "மாஸ்டர், டை இண்டைக்கு ஒரு பைக்கற்றோ ரண்டோ?" என்பார்கள். நானும் "ரண்டு தாரும், சின்னவவுக்கு வாசமில்லாததாப் பாத்து" என்பேன். பள்ளிக்கூடத்தில் உயிரியல் படிப்பிக்கிறவன் என்றாலும், ஊரில் எனக்கு இருந்த பெயர் பகிடிக்காரன் என்பதுதான். அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

மனைவி எனக்கு மாமாவின் மகள். அவளைக் கேட்டு வந்த வெளிநாட்டு மாப்பிள்ளைகள் எல்லாம் ஒவ்வொரு காரணத்தால் தட்டிப்போய், எனக்குப் பார்த்த பெண்கள் எல்லாம் என் தலையைப் பார்த்துத் தட்டிப்போய், கடைசியில் இரண்டு வீட்டாரும் களைத்து, "வீட்டுக்குள்ளயே முடிப்பம்" என்று முடித்துவைத்த கலியாணம் எங்களுடையது. மச்சாளைக் கட்டுவது எங்கள் பக்கம் புதினமில்லை. அதைப் பற்றி அப்போது யாரும் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

எங்களூரில் குழந்தைகளுக்குப் புருவத்துக்கு மை தீட்டி, கன்னத்தில் ஒரு கறுத்த பொட்டு வைப்பார்கள். என் மனைவியும் வைத்தாள். மற்றவர்கள் அழகுக்கு வைப்பதை அவள் ஒளிப்பதற்கு வைத்தாள். விடிந்ததும் முதல் வேலை அதுதான். வெள்ளிப் புருவம் ஒரு மயிர்கூடத் தெரியாமல் கறுப்பாய் வில் வளைத்துவிடுவாள். தலைக்குக் கம்பளித் தொப்பி. வெக்கையில் நாங்கள் பெனியனையே கழற்றிவிட்டு இருக்கிற வைகாசி மாதத்தில் பிள்ளை தொப்பியோடு கிடந்தது.

"பிள்ளை அவியப்போகுது" என்றேன்.

"அவிஞ்சாலும் பறவாயில்லை. உங்கட பகிடியைக் கேட்டு வளர வேண்டாம்" என்றாள்.

அதற்குப் பிறகு கடையில் நான் ஒரு பைக்கற்று மட்டும் வாங்கினேன்.

மொட்டை அடித்தால் கறுப்பாய் முளைக்கும் என்று சொன்னது அவளுடைய அண்ணன், என் மச்சான். அவன் குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையில் சாமான் ஏற்றுகிற படகு ஓட்டுகிறவன். அரிசி, சீமெந்து, முட்டை, சோடாப் போத்தல், எல்லாம் யாழ்ப்பாணத்திலிருந்து லொறியில் வந்து இறங்குதுறையில் இறங்கும். அங்கிருந்து மச்சானின் படகு; சாமானோடு ஆட்களும் ஏறுவார்கள்.

"மயிர்க்கால் மாறாது மச்சான். வழிச்சாப்போல நிறம் மாறுமெண்டால் நான் ஏன் கிழமைக்குக் கிழமை டை அடிக்கிறன்?" என்றேன்.

"உனக்கு முளைக்கிறதே சந்தேகம். பிள்ளைக்கு அம்மன் பாத்துக்கொள்ளுவா" என்றான்.

படித்த படிப்பெல்லாம் அந்த இடத்தில் முடிந்தது. பையைத் தூக்கிக்கொண்டு நானும் படகேறினேன். பிள்ளைக்கு அப்போது ஐந்தாம் மாதம். நயினாதீவு அம்மன் கோயிலில் தாய்மாமன் மடியில் வைத்து மொட்டை. நாவிதர் ஒரு பிடி மயிரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கத்தியை வைத்தார். அந்தத் தலையைப் பார்த்துப் பகிடி விடாத முதல் ஆள் அவர். வழித்த மயிரை வாழையிலையில் சுற்றி, திரும்பி வரும்போது மச்சான் நடுக்கடலில் போட்டான். அது அலையில் பிரிந்து மினுங்கிக்கொண்டு போனதை என் மனைவி போகுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அன்றைக்குத்தான் ஒரு நிம்மதி. பிள்ளையின் தலையில் சந்தனம், புருவத்தில் மை. ஊரில் எந்தப் பிள்ளையோடும் சேர்த்து வைக்கலாம்.

அதே கிழமை காய்ச்சல் வந்தது.

குளிசையைக் கரைத்துக் கொடுத்தால் இறங்கும், பிறகு முந்தியதைவிட ஏறும். எங்கள் ஆஸ்பத்திரியில் ஒருநாள் பார்த்துவிட்டு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே வார்ட்டில் ஒரு பெண் டொக்டர், என்னிடம் படித்த பிள்ளைகளின் வயதுதான் இருக்கும். காது பார்த்தார், தொண்டை பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். பிள்ளை வேர்த்து வழிந்ததில் ஒரு புருவத்து மை கரைந்து கண்ணுக்குள் இறங்கியது. டொக்டர் பஞ்சை நனைத்துத் துடைத்தார். துடைத்த கை அப்படியே நின்றது.

மற்றப் புருவத்தையும் துடைத்தார். டோர்ச்சை அடித்து இமைமயிரைப் பார்த்தார்.

"மொட்டை அடிக்க முதல் தலைமயிரும் இந்த நிறமோ?"

"அப்பன்ர நிறம், டொக்டர்" என்றேன். "நான் டை அடிச்சிருக்கிறன், அதுதான் தெரியேல்லை."

அவர் சிரிக்கவில்லை. "நீங்கள் ரண்டு பேரும் சொந்தமோ?"

மனைவி என்னைப் பார்த்தாள். "ஓம். மச்சான்தான்" என்றாள்.

டொக்டர் பிள்ளையின் வயிற்றில் விரல்களை வைத்து இடப்பக்கம் விலாவுக்குக் கீழே மெதுவாக அமத்தினார். மறுபடி அமத்தினார். "மண்ணீரல் தட்டுப்படுறமாதிரி இருக்கு. நிச்சயமாச் சொல்லேலாது. ஸ்கான் பண்ணுவம், ரத்தமும் எடுப்பம்." பிறகு என்னைப் பார்த்து, "நீங்கள் என்ன வேலை?" என்றார்.

"உயிரியல் படிப்பிக்கிறன்."

"அப்ப மோட்டார்ப் புரதம் தெரியும்."

தெரியும். எத்தனையோ வருடமாகத் தெரியும். அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகளிடம், "மயோசின் எண்டு எழுதினாக் காணும், அடுத்த பக்கத்துக்குப் போங்கோ" என்று சொல்லிப் புத்தகத்தைப் புரட்டுகிறவன் நான். அந்தப் பக்கம் இப்போது என் மகளின் புருவத்தில் இருந்தது.

மயிர்வேரில் நிறம் செய்கிற உயிர்க்கலங்கள் இருக்கின்றன. அவை கறுப்பைச் செய்து சின்னச் சின்னப் பைகளில் கட்டிவைக்கும். புடகம் என்று நாங்கள் கரும்பலகையில் எழுதுவது இந்த மாதிரிப் பைகளைத்தான். பை கலத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒரு நீள வீதியால் வரும். ஓரத்தில் வீதி முடிந்துவிடும். அங்கே ஒழுங்கை ஒழுங்கையாய் மெல்லிய அக்ரின் இழைகள். அந்த ஒழுங்கைகளில் நடக்கத் தெரிந்தது மயோசின். பையைத் தோளில் வாங்கி, ஒரு காலை ஊன்றி, மற்றக் காலை எட்டி வைத்து, இழையைப் பிடித்துப் பிடித்து விளிம்புமட்டும் கொண்டுபோகும். அங்கிருந்து கறுப்பு மயிருக்குள் போகும். மயோசினின் அந்தக் காலுக்குப் புத்தகத்தில் தலை என்று பெயர். தலையால் நடக்கிற ஒன்று எப்படியும் என் சொந்தமாகத்தான் இருக்க வேண்டும்.

டொக்டர் சொன்னதை நான் விளங்கிக்கொண்டேன். அவ்வளவு தெளிவாக விளங்காமல் இருந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும். பையில் ஒரு கொழுக்கி உண்டு. தூக்குகிற மயோசின் உண்டு. இரண்டையும் சேர்த்துக் கட்ட நடுவில் ஒரு கயிறு உண்டு. மூன்றில் எது பிழைத்தாலும் பையை ஒருவரும் பொறுப்பெடுக்கமாட்டார்கள். அது வந்த வீதியாலேயே திரும்பிப் போய் நடுவில் குவிந்துகிடக்கும். மயிர் வெள்ளியாய் வரும். மூன்றுக்கும் அதே வெள்ளிதான்.

"மயிரைப் பாத்து எது பிழை எண்டு சொல்லேலாது" என்றார் டொக்டர். "தூக்கிற ஆள் பிழை எண்டால், மூளையிலயும் அவர்தான் தூக்கிறார். பிள்ளை கழுத்து நிமித்தக் கஷ்டப்படும், வலிப்பு வரலாம். கொழுக்கி பிழை எண்டால், கிருமி பிடிச்ச கலங்களைக் கொல்லுற வெள்ளைக் கலங்களுக்கும் அதே கொழுக்கிதான் வேணும். அப்ப இது சும்மா காய்ச்சல் இல்லை. கட்டுப்படுத்த ஏலாமல் போகும். எலும்பு மச்சை மாத்தித்தான் காப்பாத்த வேணும்."

"கயிறு மட்டும் எண்டால்?"

"கயிறு எண்டால் நிறம் மட்டும்தான். பிள்ளைக்கு ஒண்டுமில்லை."

முதலில் இது அந்த நோய்தானா என்று பார்க்கப் புருவமயிர் போதாது, தலைமயிர்தான் வேண்டும் என்றார். எங்கே என்று கேட்டார். கடலில் என்று மனைவிதான் சொன்னாள். சொல்லிவிட்டுப் பிள்ளையின் மொட்டைத் தலையைத் தடவிக்கொண்டு நின்றவள், திடீரென்று, "தொப்பி!" என்றாள். "தொப்பிக்குள்ள மயிர் இருக்கும்." உடனே முகம் மாறியது. "தோய்ச்சுப் போட்டன். கொடியில காயுது."

மத்தியானம் கழிந்து பஸ் ஏறினேன். பண்ணைப் பாலத்தில் இரண்டு பக்கமும் கடல். சோளகக் காற்று யன்னலால் அடித்தது. பஸ் அல்லைப்பிட்டியில் நின்றது. மண்கும்பானில் நின்றது. யாரோ ஒருவர் ஒரு வாழைக்குலையை ஏற்றுவதற்கு ஊரே கூடி யோசித்தது. கொண்டக்டர் என்னைக் கண்டதும், "என்ன மாஸ்டர், இண்டைக்குப் பகிடி ஒண்டையும் காணேல்லை?" என்றார்.

"வீட்டில மறந்துபோய் விட்டிட்டன், தம்பி. எடுக்கத்தான் போறன்."

பஸ் சிரித்தது. நான் கொடியையும் காற்றையும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக் கொடியில் பிள்ளையின் சட்டைகள், துணிகள், என்னுடைய சாரம், எல்லாம் இருந்தன. தொப்பி இல்லை. கொடியில் கவ்வி மட்டும் தொங்கிற்று. கிணற்றடி, கோழிக்கூடு, வாழைப் பாத்தி எல்லாம் பார்த்தேன். நாலுகாலில் ஒரு உயிரியல் ஆசிரியர் முற்றம் முழுக்கத் தவழ்ந்ததைப் பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் பார்த்துவிட்டு, "என்ன மாஸ்டர், பல்லுச் செட்டு விழுந்திட்டுதோ?" என்றா. பதில் சொல்லவில்லை. அதுவே அவவைப் பயப்படுத்தியிருக்க வேண்டும். தானும் தேடத் தொடங்கினா. தொப்பி அவவின் பக்கத்தில், கிளுவை வேலியின் முள்ளில் மாட்டிக்கொண்டு கிடந்தது. இரண்டு எட்டுத் தள்ளி அவவின் ஆடு நின்றது.

தொப்பியை உள்பக்கம் புரட்டி வெயிலில் பிடித்தேன். தோய்த்த கம்பளிக்குள், பின்னலுக்கும் பின்னலுக்கும் இடையில், மினுங்கல் மினுங்கலாக அஞ்சாறு மயிர். சுத்தமான பொலித்தீன் பையில் போட்டுச் சேட்டுக்குள் வைத்தேன்.

திரும்பிப் போகப் பஸ் இல்லை. மச்சான் படகைக் கட்டிவிட்டு மோட்டச்சைக்கிளோடு வந்தான். என்ன ஏது என்று அவன் கேட்கவில்லை. தங்கச்சி போனில் அழுதது போதும் அவனுக்கு. பண்ணைப் பாலத்தில் காற்று எங்களைப் பக்கவாட்டில் தள்ளியது.

"இறுக்கிப் பிடி மச்சான்!" என்று முன்னாலிருந்து கத்தினான்.

"எதை? உன்னையோ தொப்பியையோ?"

"தொப்பியை! நீ விழுந்தால் பேந்து வந்து எடுக்கிறன்!"

நான் இரண்டு கையாலும் சேட்டைப் பொத்திக்கொண்டேன். ஒரு மெல்லிய வீதி, ஒரு சின்னப் பை, அந்தப் பக்கம் வாங்க ஒருத்தர் நிற்கிறார். கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தவிர வேறு வேலை எனக்கு உலகத்தில் இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டொக்டர் ஒப்பிட்டுப் பார்க்க என்னிடம் ஒரு மயிர் கேட்டார். பிறகு என் தலையைப் பார்த்துவிட்டு மனைவியிடம் கேட்டார். நுணுக்குக்காட்டியில் என்னையும் பார்க்கவிட்டார். மனைவியின் மயிரில் கறுப்பு, அரிதட்டில் மாவை அரித்துத் தூவியதுபோல ஒரே சீராகப் பரவியிருந்தது. மகளின் மயிர் வெளிச்சம் ஊடுருவுகிற வெறும் குழாய். அதற்குள் பெருவெளியில் மாடுகள் படுத்துக்கிடப்பதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாய்க் கறுப்புக் கட்டிகள்.

"அதுதான்" என்றார் டொக்டர்.

வெளியே நீள மரவாங்கில் மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். பக்கத்தில் இருந்தேன்.

"என்னவாம்?"

"உம்மட கொண்ணன்ர வேலைதான்" என்றேன். "லொறியில சாமான் இறங்குதுறைக்கு வருது. வள்ளக்காரன் ஏத்திறானில்லை. லொறி வந்த சாமானோட திரும்பிப் போகுது. தீவுக்கு ஒண்டும் வாறேல்லை."

"அப்ப கறுப்பு இருக்கு. ஏத்தத்தான் ஆளில்லை."

"ஓம்."

"வள்ளக்காரன் ஏன் ஏத்திறானில்லையாம்?"

மூன்றையும் சொன்னேன். எதையும் மறைக்கவில்லை. அவள் பிள்ளையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"இது ஆரின்ர பக்கத்துப் பிழை?"

"ரண்டு பேரும் ஒவ்வொண்டு குடுத்திருக்கிறம். ஒண்டு மட்டும் எண்டால் ஒண்டும் செய்யாதாம். எனக்கு அம்மப்பா, உமக்கு அப்பப்பா. ஒரே கிழவன்தானே."

அவள் பிள்ளையை மடியில் நிமிர்த்தி வைத்தாள். பிறகு, "நீங்கள் பகிடி ஒண்டும் சொல்லேல்லை" என்றாள்.

"இல்லை."

"அப்ப எனக்குப் பயமாக் கிடக்கு."

காய்ச்சல் இரண்டு நாளில் இறங்கியது. ஸ்கானில் மண்ணீரல் வீங்கவில்லை. ரத்தத்திலும் ஒன்றும் குறையவில்லை. டொக்டர் ஒரு மூச்சு விட்டார், முழு மூச்சல்ல. "இந்தக் காய்ச்சல் சும்மா காய்ச்சல்தான். அடுத்ததை நான் சொல்லேலாது." மூன்றில் எது என்று பார்க்கப் பிள்ளையின் ரத்தத்தை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். மாதக்கணக்கில் எடுக்கும், காத்திருங்கோ என்றார்கள்.

காத்திருப்பது எப்படி என்று எனக்குத் தெரியாது. பாயில் பிள்ளைக்கு எதிரே நானும் குப்புறப் படுத்துக் கிலுகிலுப்பையை ஆட்டுவேன். கழுத்தை நிமிர்த்துகிறாளா? நிமிர்த்தினாள். நேற்று நிமிர்த்தியதைவிடக் குறைவாக நிமிர்த்தினாளா? முழங்கால் பிடித்துக்கொள்ளும், மனைவி வந்து தூக்கிவிடுவாள். ஒருநாள் பின்னால் நின்று கை தட்டினேன், திரும்பவில்லை. முன்னால் போய்க் குனிந்தேன். பார்த்தால், அவள் நிலத்தில் ஓடிய எறும்பு ஒன்றைப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தாள். தடுப்பூசி போட்டதற்குக் காய்ச்சல் வந்தபோது நாங்கள் இரண்டு பேரும் சோறு தொடவில்லை. தேர்மோமீற்றரை யார் வாசிப்பது என்று எங்களுக்குள் சண்டை வந்தது. நான் வாசித்தால் குறைத்துச் சொல்லுவேன் என்றாள் அவள். உண்மைதான். சொல்லியிருப்பேன்.

இதற்கிடையில் மயிர் முளைத்தது. வெள்ளியாகத்தான். மச்சான் வந்து பார்த்தான். அம்மனைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசல் படலைமட்டும் போய் வந்தான்.

டொக்டரின் போன் வந்தபோது நான் பள்ளிக்கூடத்துச் சைக்கிள் கொட்டிலில் நின்றேன்.

"மாஸ்டர், கயிறு. கயிறுதான் பிழை. கொழுக்கியும் சரி, தூக்கிற ஆளும் சரி."

"திருப்பி ஒருக்காச் சொல்லுங்கோ."

சொன்னார். மறுபடியும் கேட்டேன். மறுபடியும் சொன்னார். போனை வைத்துவிட்டுச் சைக்கிளை மிதித்தேன். சங்கிலி கழன்றது. மாட்டப் பொறுமை இல்லை. உருட்டிக்கொண்டே ஓடினேன்.

மனைவி படலையில் நின்றாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க வந்த என் முகத்தைப் பார்த்தாள். வழியெல்லாம் ஒரு நல்ல பகிடியாக யோசித்துக்கொண்டு வந்தவன் நான். வாயைத் திறந்தேன், ஒன்றும் வரவில்லை. நான் பகிடி சொல்லாமல் நிற்பதைக் கண்டதும் அவள் அப்படியே படலையைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள்.

"ஐயோ இல்லை! கயிறு!" என்று கத்தினேன். "கயிறு! கயிறு!"

பக்கத்து வீட்டு அக்கா, ஆடு அறுத்துக்கொண்டு ஓடிவிட்டதாக்கும் என்று நினைத்துக் கயிற்றோடு ஓடிவந்தா.

அடுத்த வெள்ளிக்கிழமை நயினாதீவுக்குப் போனோம். நேர்த்திக்கடன் எதுவும் இல்லை, போக வேண்டும்போல இருந்தது. புறப்படுகிறபோது மனைவி மைச்சிமிழைத் திறந்தாள். பிள்ளையின் முகத்தைக் கொஞ்சம் பார்த்துக்கொண்டு நின்றாள். கன்னத்தில் பொட்டை மட்டும் வைத்துவிட்டு மூடினாள். தொப்பியும் போடவில்லை.

படகில் எங்களுக்கு எதிரே இருந்த ஒரு அம்மா ஏறியதிலிருந்தே பிள்ளையைத்தான் பார்த்துக்கொண்டு வந்தா. காற்றில் அந்தத் தலை சூடைக் கூட்டம்போல மினுங்கிற்று. கடைசியில் பொறுக்க ஏலாமல் கேட்டுவிட்டா.

"பிள்ளை, குழந்தைக்குத் தலையில என்ன?"

நான் வாயைத் திறந்தேன். மனைவி என் தொடையில் ஒரு கிள்ளுக் கிள்ளினாள்.

"ஒண்டுமில்லையம்மா" என்றாள். "கறுப்பெல்லாம் இறங்குதுறையில நிக்குது. எங்கட அண்ணை ஏத்தாமல் வந்திட்டார்."

சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்த மச்சான் திரும்பிப் பார்த்து, "நான் என்னடி செய்தனான்?" என்றான். அந்த அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்றாலும் மச்சானின் முகத்தைப் பார்த்துச் சிரித்தா. அவ சிரித்ததைப் பார்த்துப் படகில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான்தான் கொஞ்சம் பிந்திச் சிரித்தேன்.